சம்மதம் இல்லாதவர் எங்கே கையெழுத்துப் போடுவது?

தம்பி,

நீ அனுப்பிய சம்மதத் தாள் வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டர்க்காரர் அதை அச்சடித்துக் கொடுக்கும்போதே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னாக்கா, பல்லுக்கெல்லாமா பத்திரம் எழுதுறாங்க?" என்று கேட்டார். "கால் காணி நெலத்துக்கு எழுதுறாங்க, பல்லுக்கு எழுதக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாள் அது அரிசி டின் மேலேயே கிடந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி நான்கு தடவை படித்தேன். அம்மா படிக்க வேண்டும் என்று நீயே உட்கார்ந்து தமிழில் எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னைக் கடைசி வரைக்கும் காக்க வைக்க மாட்டேன். நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். கையெழுத்து இல்லாவிட்டால் ஆராய்ச்சி மெஷினில் வேலை செய்ய உனக்குக் கிடைத்த முறை போய்விடும், ஊருக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அதையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வீட்டில் என்ன பதில் சொல்கிறார்களோ அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்று உங்கள் டீச்சரம்மா சொல்லியிருக்கிறாராமே. நல்லது. அப்படியானால் இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. அந்த வெளிநாட்டில் உன்னோடு பயிற்சிக்கு வந்திருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் மாற்றும்போது என் பேச்சை மெழுகிப் பூசாதே. நான் கோபமாக எழுதிய இடம் கோபமாகவே இருக்கட்டும்.

உன் வேலை என்ன என்று தெருவில் கேட்கிறார்கள். எலும்புப் படிப்பு என்பேன். எலும்பு டாக்டரா என்பார்கள். செத்த எலும்புக்கு என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் எனக்குப் புரியாமல் இல்லை. போன ஆவணியில் நீ கிளம்புவதற்கு முன்னால், நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னாய். "மீன் கொழம்பு வச்ச சட்டியை எவ்ளோ தேச்சுக் கவுத்தாலும் மறுநாளு மோந்தா வாடை இருக்குது இல்லம்மா? அந்த வாடையை வச்சே கெளுத்தியா விராலான்னு நீ சொல்லிடுவ. அப்புடித்தான். பல்லுலயும் எலும்புலயும் புரதம்னு ஒன்னு இருக்குது. ஆயிரம் வருஷம், அதுக்கும் மேல ஆனாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு சிட்டிகை பொடிச்சு, திராவகத்துல ஊறவச்சு, மெஷின்ல குடுத்தா அது மாடா, ஆடா, மனுசனான்னு சொல்லிடும்." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். "அந்தச் சிட்டிகை திரும்பி வருமா?" வராது என்றாய். அப்படிச் சொன்னபோது அந்தப் பல் உன் பெட்டிக்குள் இருந்ததா, இல்லை அதற்குப் பிறகுதான் எடுத்தாயா? இதை நீ எனக்கு இன்னும் சொல்லவில்லை.

வகுப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உனக்கு நான்கு வயது இளையவள் உன் தங்கச்சி. பேர் வைத்ததே மறந்து போகிற அளவுக்கு எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டோம். எட்டு வயதில், ஐப்பசி மழையில், ஒரு காலையில் அவளுக்கு முன்பல் விழுந்தது. இங்கே பால் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரை மேல் எறிவோம். எறிந்தால்தான் புதுப் பல் ஒழுங்காக முளைக்கும் என்பார்கள். அவள் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, சாணி எடுத்துட்டு வா" என்று நச்சரித்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "மழை ஊத்துது, கரைஞ்சுடும். நாளைக்குப் போடலாம்டி" என்று வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அவளுக்கு உடம்பு கொதித்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஐந்தாவது நாள் அவள் இல்லை. முந்தானையை அவிழ்த்துப் பார்த்தபோது பல் இருந்தது. நாளைக்கு என்று நான் சொன்ன அந்த நாள் எனக்கு இன்னும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

இன்னொன்றையும் இப்போதுதான் முதல் தடவையாக உனக்குச் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒருவர் தாள் கொண்டுவந்து, "இங்க போடும்மா" என்று விரலை வைத்துக் காட்டினார். போட்டேன். "இங்கயும்." அங்கேயும் போட்டேன். என் பேரைத் தமிழில் ஒழுங்காக எழுதத் தெரியும் என்று ஒரு பெருமைகூட இருந்தது, பக்கத்துப் படுக்கைக்காரி கைநாட்டுத்தான் வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நர்ஸம்மாவிடம், நான் எதுக்குங்க கையெழுத்துப் போட்டேன் என்று கேட்டேன். "ஒன்னு ஊசி போட. இன்னொன்னு ஆராய்ச்சிக்கு எடுத்து வச்சுக்க" என்றார். எதை எடுத்து வைத்தார்கள், எவ்வளவு, இன்னும் அங்கே இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அப்புறம் போய்க் கேட்க எனக்கு வாயும் வரவில்லை, வழியும் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தும் படிக்காமல் போட்டேன் என்பதுதான் என் தப்பு. அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன், இனிமேல் யார் விரலை வைத்துக் காட்டினாலும் அந்த இடத்தில் போடுவதில்லை என்று. இப்போது விரலை வைத்துக் காட்டுகிறவன் நீ.

சின்னப் பிள்ளைகளை நம்மில் எரிப்பதில்லை, புதைப்போம். பெரியவர்கள் என்றால் எரித்து எலும்பு பொறுக்கி மணிமுத்தாற்றில் விடுவோம். இந்த ஆற்றில் விட்ட எலும்பு கூழாங்கல்லாகி இங்கேயே தங்கிவிடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. பாப்பாவைப் புதைத்ததால் ஆற்றுக்குப் போக ஒன்றும் இல்லை. அப்போதுதான் உன் அப்பா சொன்னார், "அந்தப் பல்லையாவது ஆத்துல வுட்டுடு. அவளுக்குன்னு அங்க ஒரு கல்லாவது கெடக்கட்டும்." நான் மாட்டேன் என்றேன். நான் வேலை செய்கிற பீங்கான் கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு சின்ன ஜாடியில் பஞ்சு வைத்து, அதில் பல்லை வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, அவள் போன நாளில் எடுத்துப் பார்ப்பேன். உன் அப்பா ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்வார், நான் ஒவ்வொரு வருஷமும் மாட்டேன் என்பேன். அது எங்களுக்குள் ஒரு சண்டையாகக்கூட இல்லை. அவளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்கிற பேச்சே அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் ஜாடியைத் திறந்தேன். பஞ்சு இருந்தது. பல் இல்லை. நான் யாரை நினைப்பேன், சொல். வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஆற்றில் விடச் சொல்லிப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டவர் ஒருத்தர். "எங்க வச்சீங்க?" என்றேன். "எதை?" என்றார். "ஒன்னும் தெரியாதவரு." "த பாரு, நான் எடுக்கல. பாப்பா மேல ஆணையா எடுக்கல." "அவ மேல ஆணை வைக்காதீங்க, அவ வாயத் தொறந்து கேக்க மாட்டாங்கிற தைரியம்." இப்படிச் சொன்னேன் தம்பி. என் வாயால் சொன்னேன். அதற்கப்புறம் நான் அவரிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். பெண்ணாடத்து மில்லுக்குக் கரும்பு லோடு அடித்துவிட்டு, டிராக்டர் சூட்டில் கண் சிவந்து வருகிற மனுஷன், வெந்நீர் கேட்கக்கூட வாய் திறக்காமல் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் படுத்தார். அதுவும் போதாது என்று நான் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினேன். உன் வகுப்புக்காரர்களுக்குச் சொல், எங்கள் ஊரில் போலீசுக்குப் போக முடியாத வழக்கைத் தாளில் எழுதி முருகனிடம் கொடுப்போம், அதை வேலில் கட்டிவிட்டு வருவோம், மூன்று மாதத்துக்குள் அவர் விசாரித்துப் பதில் சொல்வார் என்று. "என் மகள் பல்லை எடுத்தவர் யாராக இருந்தாலும் அதைத் திருப்பி வைக்க வேண்டும், எடுத்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும்" என்று எழுதினேன். பேர் எழுதவில்லை. ஆனால் சுருட்டிக் கட்டும்போது மனதில் உன் அப்பா பேர்தான் இருந்தது.

மூன்று மாதம் முடிவதற்குள் பதில் வந்தது. நெட் சென்டர் வழியாக வந்தது.

உன் தாள் வந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாயே, அந்தப் பேச்சையும் எழுதிவிடுகிறேன். வகுப்பில் அதைத்தான் முக்கியமாக வாசிக்க வேண்டும்.

"அம்மா, ஒரு கையெழுத்துத்தாம்மா."

"எதுக்குடா எடுத்த?"

"எங்களுக்கு வயசு தெரிஞ்ச, யாருன்னு தெரிஞ்ச பல்லு வேணும்மா, பழகுறதுக்கு. எல்லாரும் ஏதாவது கொண்டாந்தாங்க. எனக்குப் பாப்பாவோட பல்லை வச்சுத்தான் இந்த வேலையக் கத்துக்கணும்னு தோணிச்சு. நம்ம வூட்டுதுதானேன்னு எடுத்தேன்."

"நம்ம வூட்டுதுன்னா கேக்க வேணாமா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

அதோடு காசு ஓடுகிறது என்று நீதான் வைத்தாய். நீ வைத்த பிறகும் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். தம்பி, "அதான் கேக்கல" என்பதை நீ யோசித்து வைத்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் கேட்காமல் எடுப்பது என்றால், அதற்குப் படிப்பு எதற்கு? மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஆளிடம் போய் நின்றால்தான் அது கேட்பது. சரி என்று சொல்லுகிறவளிடம் மட்டும் போய் நிற்பதற்கு யாருக்கும் தைரியம் வேண்டியதில்லை. நீயும் அவளுக்காக அழுதவன்தான், எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அவள் பையை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போனாய். ஆசையில் எடுத்தாய், திருடும் எண்ணத்தில் எடுக்கவில்லை. ஆனால் நீ ஆசையில் எடுத்தது இங்கே ஒரு மனுஷனைத் திருடனாக்கிவிட்டது. கேட்காமல் எடுத்தவனுக்கு இது கண்ணில் படாது. நீ அங்கே குளிரில் கையுறை போட்டுக்கொண்டு கவனமாகத்தான் வேலை செய்திருப்பாய். பழி இந்தப் பக்கம் விழுந்தது.

தாளில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. மாதிரி. "மாதிரியின் விவரம்." "மாதிரி சிதைக்கப்படும் என்பதை அறிவேன்." அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷமாக நான் செய்கிற வேலை அது. சூளைக்குள் கரண்டுக்குப் போடுகிற பீங்கான் பியூஸ் அடுக்கும்போது அதே மண்ணில் நாலைந்து துண்டு தனியாகச் செய்து வைப்போம். சூளை ஆறியதும் அந்தத் துண்டை எடுத்துச் சுத்தியால் உடைத்து, உடைந்த முகத்தில் சிவப்பு மையை ஊற்றித் துடைப்பேன். மை போய்விட்டால் வெந்தது. மை உள்ளே இறங்கி நின்றால் வேகவில்லை, அந்த அடுக்கு முழுக்கக் கழிவு. எத்தனையோ ஆயிரம் துண்டு உடைத்திருப்பேன், ஒரு நாளும் மனசு வலிக்கவில்லை. ஏனென்றால் அது உடைப்பதற்கென்றே செய்தது. மண்ணைப் பிடிக்கும்போதே தெரியும். ஒரு தடவை புதிதாக வந்த பெண் ஒருத்தி மாதிரித் துண்டு கிடைக்கவில்லை என்று, ஆர்டருக்குச் செய்த நல்ல பியூஸையே உடைத்துப் பார்த்துவிட்டாள். மேஸ்திரி அவளை ஒன்றும் திட்டவில்லை. "இது மாதிரி இல்லம்மா, இது சரக்கு. ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். பாப்பாவின் பல்லை மாதிரி என்று எழுதினாயே, அவளை யாரும் உடைப்பதற்கென்று செய்யவில்லை. அவள் எது மாதிரியும் இல்லை. அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற ஆள் நான்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும். அரியலூர்ப் பக்கத்துப் பெரியம்மா விஷயத்தில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். என் அக்கா, சுண்ணாம்புக் கல் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவர்கள் கொல்லையில் கிணறு வெட்டியபோது முழங்கை நீளத்துக்கு ஒரு கல் வந்தது, எலும்பு உருவத்தில். அதை மாட்டுக் கொட்டாய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். நீ காலேஜில் படிக்கும்போது உன் வாத்தியாரை அழைத்துக்கொண்டு போனாய், நானும் கூட வந்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது மனுஷனே பிறக்காத காலத்துப் பிராணியின் எலும்பு, கல்லாகிப் போனது என்றார். கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு இரண்டு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்றார். அக்கா தயங்கினாள். நான்தான் சொன்னேன், "குடுக்கா, படிச்சவங்க கேக்குறாங்க. உனக்கு முட்டுக் குடுக்க வேற கல்லா கெடைக்காது?" மகன் படிக்கிறான் என்ற மிதப்பு எனக்கு. அப்புறம் காலேஜ் விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கல்லைப் பார்த்தோம். கீழே கண்டெடுத்தவர் என்று வாத்தியார் பேர். நீ படித்துக் காட்டினாய், அக்காவும் கேட்டாள். "நான் கண்டெடுத்து இருவது வருசம் கொட்டாய்க்கு முட்டுக் குடுத்து வச்சிருந்தேன். அவரு நேத்து வந்து கண்டெடுத்தாராமா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் அவள் கையைப் பிடித்து, சும்மா இருக்கா என்றேன். அவள் இன்னும் என்னைப் பார்த்தால் முதல் வார்த்தையாக, "என் கல்லு எங்கடி?" என்றுதான் கேட்கிறாள். சும்மா இருக்கச் சொன்ன வாய் இது. அதற்கும் சேர்த்துத்தான் இப்போது பேசுகிறது.

பத்தாயிரம் வருஷத்து எலும்புக்கு யாரைப் போய்க் கேட்பது என்று உன் வகுப்பில் ஒரு பையன் கேட்டான் என்று எழுதியிருந்தாய். அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்கிறேன். யார் கொல்லையில் கிடைத்ததோ அவளைக் கேள். பக்கத்தில் ஆடு மேய்க்கிறவனைக் கேள். அந்த மேட்டில் யாராவது சூடம் கொளுத்தினால் அவர்களைக் கேள். அவர்கள் உன்னை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் சம்பந்தம் இல்லாமல் பேசுவார்கள், அதையும் கேள். மாட்டேன் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பு. கேட்க ஒருத்தரும் இல்லை என்று உண்மையாகவே தெரிந்தால் மட்டும் எடு, கொஞ்சமாக எடு, ஒருத்தரும் இல்லை என்பதை எழுதி வை. உன்னோடு ஒரு பெண் படிக்கிறாளே, அவள் நாட்டு எலும்பெல்லாம் நீங்கள் படிக்கிற ஊர் மியூசியத்து அலமாரியில் இருக்கிறது, அதைப் பார்க்க அவளே அனுமதிக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்று சொன்னாய். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதாகச் சொல். அவள் என் பக்கம்தான் நிற்பாள்.

உங்கள் டீச்சரம்மாவை நான் பார்த்ததில்லை. நீ பல்லை எடுத்து வைத்ததும், இது யாருடையது, யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கேட்டு, பதில் வரும் வரைக்கும் டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்தாரே, அவருக்கு என் கும்பிடு. ஆனால் அவரிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. தாளின் கடைசியில் "எனக்குச் சம்மதம்" என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருக்கிறது. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சம்மதம் இல்லாதவர் எங்கே கையெழுத்துப் போடுவது? போடாமல் விட்டால் போதும் என்பீர்கள். போதாது. போடாமல் விட்ட தாள் வராத தாள் கணக்கில்தான் சேரும். கிழவிக்குப் புரியவில்லை போலிருக்கிறது, இன்னொரு தரம் அனுப்பு என்பார்கள். எனக்குப் புரிந்தது. அதனால் ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டுக்குக் கீழே நானே இன்னொரு கோடு போட்டேன். "எனக்குச் சம்மதம் இல்லை" என்று எழுதினேன். அதன் மேல் என் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை படித்துவிட்டுப் போட்டேன். இனி நீங்கள் அச்சடிக்கிற எல்லாத் தாளிலும் அந்த இரண்டாவது கோடு இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல். இருக்காது என்றால் ஏன் என்று அவரே எனக்கு எழுதட்டும். நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

உனக்குப் பல்தான் வேண்டும் என்றால் என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, பிடுங்கச் சொல்லியிருக்கிறார்கள். அது என்னுடையது, அதை நான் கொடுக்கலாம். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய் என்று முதலில் சொல்ல வேண்டும், பொடித்தது போக மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும், அது என்ன சொல்கிறது என்பதை மற்றவர்களுக்கு அச்சடிப்பதற்கு முன்னால் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் வெற்றிலை போட்ட பல், அதிலிருந்து பாக்குதான் வரும் என்று நினைக்கிறேன். அது மெஷினில் உன் முறை வருவதற்குள் வந்து சேராது, தெரியும். இந்தத் தடவை உன் முறை போகட்டும். திருப்பி அனுப்பினால் வா. வேப்பூர் ரோட்டில் நின்று லாரிக்கு டீ ஆற்றினாலும் உன்னைப் பார்த்து நான் தலை குனிய மாட்டேன். கேட்காமல் எடுத்த பல்லில் படித்து நீ பெரிய ஆளானால்தான் குனிவேன். அனுப்பவில்லை, இருந்து படி என்றால், வீம்பு பிடிக்காமல் இருந்து படி. இந்த வேலை கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை. நீ அதை நன்றாகச் செய்வாய் என்று நம்புவதால்தான் இவ்வளவு பக்கம் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

பிராதை நான் வாபஸ் வாங்கவில்லை. கோயிலில் விசாரித்தேன். "ஆளு தெரிஞ்சுதாம்மா?" என்றார் அங்கே இருந்தவர். தெரிந்தது என்றேன். "அப்ப முடிஞ்சுது, வாபஸ் எழுதிக் குடுத்துடு" என்றார். முடியவில்லைங்க, பொருளும் வரவில்லை, சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்க எடுக்கல. நான் சொன்னது தப்பு. பாப்பாவை இழுத்துப் பேசினது அதைவிடத் தப்பு" என்றேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "அப்ப யாரு எடுத்தா?" என்றார். "எடுத்தவங்க வந்து சொல்லுவாங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், "கொழம்புல உப்பு கம்மி" என்றார். எத்தனையோ நாள் கழித்து அவர் என்னிடம் பேசிய பேச்சு. அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது என் வேலை இல்லை.

லீவு கிடைக்கிறபோது வா. பல்லைத் தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா. அதை ஜாடியில் வைப்பதா, அவர் சொன்னபடி ஆற்றில் விடுவதா என்பதை மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். நான் இந்தத் தடவை மாட்டேன் என்று எடுத்தவுடனே சொல்ல மாட்டேன். பேச்சுக்கு முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கரும்பு வெட்டு நடக்கிற சமயமாக இருந்தால் அவர் லோடு இறக்கிவிட்டுச் சாப்பிட வர மத்தியானம் ஆகிவிடும். காத்திரு. வந்து கை கால் கழுவட்டும். அப்புறம் எதிரில் உட்கார்ந்து, நான்தான் எடுத்தேன், கேட்காமல் எடுத்தேன் என்று உன் வாயால் சொல். அவர் திட்டலாம். கையை ஓங்கலாம். ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாலும் போகலாம். நான் அடுப்படியில்தான் இருப்பேன். குறுக்கே வர மாட்டேன்.

அம்மா